மீன்பிடித் தோணியில் வந்த விருந்தாளிகள்

1972 பிப்ரவரியில் 22 இத்தாலியர்கள் மாலத்தீவின் தலைநகரான மாலேயில் வந்து இறங்கினார்கள். அவர்களைத் தங்கவைக்க அந்த ஊரில் ஒரு விடுதிகூட இல்லை. வங்கி இல்லை. வெளிநாட்டோடு பேசத் தொலைபேசி இல்லை. அவசரம் என்றால் ஹாம் ரேடியோவையோ மோர்ஸ் தந்தியையோதான் நம்ப வேண்டும். உள்ளூர் இளைஞர்கள் சிலர் மூன்று வீடுகளை ஒழித்துக் கொடுத்து வந்தவர்களை அங்கே தங்கவைத்தார்கள். ஊர் சுற்றிக் காட்ட அவர்களிடம் இருந்தது ஒரே வழி: தோணி. அன்றுவரை சூரை மீன் ஏற்றிவந்த தோணியில் மனிதர்களை ஏற்றிக்கொண்டு பக்கத்துத் தீவுகளுக்குப் போனார்கள்.

இன்று ஆண்டுக்கு 20 லட்சம் பேர் வந்து போகும் தொழிலின் தொடக்கம் அவ்வளவுதான். அந்தப் பயணத்துக்கு இப்போது 'சஃபாரி' என்று பெயர். பத்துப் பதினைந்து பேர் கூட்டாகப் படகேறி, பல நாள் தீவு தீவாகச் சுற்றி, முகத்தில் கண்ணாடியும் வாயில் குழாயுமாகப் பவளப்பாறை மேல் மிதந்து, இரவு ஏதாவது ஒரு காயலில் நங்கூரம் போட்டுத் தூங்குவது. வெளிநாட்டு நிறுவனங்கள் இறக்குமதி செய்த பொழுதுபோக்கு போல அது தோன்றலாம். ஆனால் அந்தப் படகு போகும் வழி, நிற்கும் இடம், கிளம்பும் வேளை எல்லாமே மாலத்தீவு மீனவர்கள் பல நூற்றாண்டுகளாகச் சேர்த்து வைத்த அறிவு. சுற்றுலாவின் வரலாற்றை எழுதுகிறவர்கள் விடுதிகளிலிருந்து தொடங்குகிறார்கள். தோணியிலிருந்து தொடங்குவதே சரி.

இத்தாலியர்கள் அங்கே வந்ததற்குப் பின்னால் ஒரு கருவாட்டுக் கதை இருக்கிறது. மாலத்தீவின் பொருளாதாரம் வெகுகாலமாக மாசியை நம்பியே நடந்தது. சூரையை அவித்து, புகையூட்டி, வெயிலில் மரக்கட்டை போலக் காயவைத்தால் மாசி. யாழ்ப்பாணத்துச் சம்பலுக்கும் சிங்களவர் சமையலுக்கும் அது இல்லாமல் ருசி கூடாது. காயல்பட்டினம், கீழக்கரைச் சமையலறைகளிலும் அதற்கு இடம் உண்டு. கொழும்புதான் பெரிய சந்தை. 1970-களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டில் இலங்கை அரசு இறக்குமதியைக் கடுமையாகக் குறைத்தபோது, அந்தச் சந்தை ஆட்டம் கண்டது. 1965-ல் விடுதலை பெற்று, 1968-ல் குடியரசான ஒரு சின்ன நாட்டுக்கு வேறு பெரிய வருமானம் கிடையாது.

சுற்றுலாவைப் பற்றி யோசித்திருக்கலாமே என்றால், 1960-களில் வந்து பார்த்த ஐ.நா. குழு அதற்கு வாய்ப்பில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தது. சாலை, மின்சாரம், மருத்துவம், முறையான விமானப் போக்குவரத்து எதுவும் இல்லாத இடத்துக்கு யார் வரப் போகிறார்கள்? அந்தக் கணிப்பில் தர்க்கப் பிழை எதுவும் இல்லை. நீருக்கடியில் என்ன இருக்கிறது என்பதை மட்டும் அது கணக்கில் எடுக்கவில்லை.

1971-ல் ஜார்ஜ் கார்பின் என்ற இத்தாலியப் பயண முகவர், ஆளரவமற்ற தீவுகளைத் தேடிக் கொழும்பு வந்தார். அங்கே மாலத்தீவுத் தூதரகத்தில் அகமது நசீம் என்ற இளம் அதிகாரியைச் சந்தித்தார். பிற்காலத்தில் வெளியுறவு அமைச்சரான அதே நசீம்தான். இருவரும் சரக்குக் கப்பலேறி மாலே போனார்கள். அடுத்த ஆண்டே கார்பின் தன் முதல் குழுவோடு திரும்பினார்.

இதில் ஒரு விசித்திரமான தற்செயல் உண்டு. 1602-ல் மாலத்தீவின் கொய்தூ அடோல் என்ற தீவுக்கூட்டத்தின் அருகே பாறையில் மோதி உடைந்த பிரெஞ்சுக் கப்பலின் பெயரும் கார்பின். அதில் தப்பிப் பிழைத்த பிரான்சுவா பிரார் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் தீவுகளை விட்டுப் போக முடியாமல் அங்கேயே வாழ்ந்தார். தீவுகளின் மொழியான திவேஹியைக் கற்றார். ஊர் திரும்பிய பின் எழுதிய பயண நூல் அக்கால மாலத்தீவைப் பற்றிய மிக விரிவான சாட்சியமாக இன்றும் நிற்கிறது. ஒரு கார்பின் பாறையைத் தெரியாமல் வந்து மோதியது. 370 ஆண்டுகள் கழித்து இன்னொரு கார்பின் அந்தப் பாறைகளைப் பார்க்கவே ஆட்களைக் கூட்டி வந்தார்.

பாறைதான் இந்த நாட்டின் எல்லாமே. வடக்கிலிருந்து தெற்காக 800 கிலோமீட்டருக்கு மேல் நீளும் இந்தத் தீவுக்கூட்டத்தில் ஏறத்தாழ 1,190 தீவுகள். மக்கள் வாழ்வது அவற்றில் 200-க்கும் குறைவானவற்றில். நாட்டின் மிக உயரமான இயற்கை நிலமே கடல்மட்டத்திலிருந்து இரண்டரை மீட்டரை எட்டாது. ஆறு கோடி ஆண்டுகளுக்கு முந்தைய எரிமலைகள் மெல்ல மெல்ல அமிழ, அவற்றின் விளிம்பில் பவளம் மேல்நோக்கி வளர்ந்துகொண்டே வந்தது. இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் தடித்த சுண்ணாம்புக் குவியலின் உச்சியில்தான் தென்னை மரங்கள் நிற்கின்றன. வளையமாக அமைந்த பாறை, நடுவில் அமைதியான காயல், வளையத்தில் ஆங்காங்கே கடல் நீர் புகுந்து வெளியேறும் கால்வாய்கள். இதுதான் அடோல்.

இந்தக் கால்வாய்களைத் தெரியாதவனுக்கு மாலத்தீவு ஒரு பொறி. தெரிந்தவனுக்கு அதைப் போலப் பாதுகாப்பான கடல் வேறில்லை.

முதலாம் இராசராசன் தன் கல்வெட்டுகளில் வென்றதாகச் சொல்லிக்கொள்ளும் பன்னீராயிரம் பழந்தீவுகள் இவையே என்று வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள். படையெடுத்து வந்த சோழக் கலங்களுக்கு வழி காட்டியவர்கள் யாரோ, கல்வெட்டில் அவர்களுக்கு இடமில்லை. ஆனால் அடுத்து நடக்கவிருந்த ஒரு படையெடுப்பு ஏன் நடக்கவில்லை என்பது நமக்குத் தெரியும். அதில் மதுரைக்கும் பங்கு உண்டு.

1343-ல் பயணி இபன் பதூதா மாலத்தீவுக்கு வந்தார். அரியணையில் இருந்தவர் கதீஜா என்ற அரசி. டெல்லியில் நீதிபதியாக இருந்த பதூதாவை இங்கேயும் நீதிபதியாக்கினார்கள். சில காலம் இருந்தார், திருமணங்கள் செய்துகொண்டார், அரசியலில் தலையிட்டார், கடைசியில் மனக்கசப்போடு வெளியேறினார். இலங்கை வழியாகச் சோழமண்டலக் கரையில் ஒதுங்கியவர் போய்ச் சேர்ந்தது மதுரை சுல்தான் கியாசுதீன் தம்கானியிடம். சுல்தான் அவருக்குச் சகலை முறை. இருவரும் உட்கார்ந்து மாலத்தீவின் மேல் படையனுப்பத் திட்டம் தீட்டினார்கள். சுல்தானின் கடற்படைத் தலைவர்தான் குறுக்கே நின்றார்: இன்னும் மூன்று மாதத்துக்கு அந்தத் தீவுகளுக்குக் கலம் செலுத்த முடியாது, காற்று ஒத்துவராது. காத்திருந்த காலத்தில் மதுரையில் கொள்ளைநோய் பரவியது, சுல்தான் இறந்தார், பதூதாவும் காய்ச்சலில் விழுந்தார். திட்டம் அதோடு போயிற்று.

அதே காற்றுக் கணக்குதான் இன்றைய சஃபாரிப் படகின் அட்டவணையையும் எழுதுகிறது. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வாடைக் காற்று. கடல் தெளிந்து கிடக்கும். மே முதல் நவம்பர் வரை தென்மேற்குக் காற்று; மழையும் அலையும் கூடும். தீவுவாசிகள் இதோடு நிற்கவில்லை. ஆண்டைப் பதின்மூன்று பதினான்கு நாள் கொண்ட சிறு பருவங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் நட்சத்திரப் பெயர் வைத்து, எந்தப் பருவத்தில் எந்தப் பக்கம் மீன் சேரும், எப்போது தோணியைக் கரையேற்ற வேண்டும் என்று வகுத்து வைத்திருந்தார்கள். 'நக்கைய்' என்று அவர்கள் சொல்லும் அந்தப் பஞ்சாங்கத்தைத் தோணித் தலைவர்களான வயதான தண்டல்கள் இன்றும் மனதில் வைத்திருக்கிறார்கள்.

பதூதா சொல்லும் வணிகப் பொருள்களில் மூன்று: காய்ந்த மீன், கயிறு, சோழி. அவர் காலத்தில் நான்கு லட்சம் சோழிக்கு ஒரு பொற்காசு. வங்காளத்துக்குச் சோழியை அனுப்பி அரிசி வாங்கினார்கள். பிற்காலத்தில் ஐரோப்பிய வணிகர்கள் இதே சோழியை ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்குக் கொண்டுபோய் மனிதர்களை விலைக்கு வாங்கியது அந்த வணிகத்தின் இருண்ட பக்கம். இந்தச் சரக்கையெல்லாம் தீவு தீவாகச் சேகரித்து மாலேக்குக் கொண்டுவந்தது தோணிகள்.

தீவு சுற்றும் பயணத்தை மாலத்தீவு மக்கள் தங்கள் வீரக்கதையாகவும் வைத்திருக்கிறார்கள். 1558 முதல் 1573 வரை மாலே போர்ச்சுகீசியர் கையில் இருந்தது. வடக்கே உதீமு தீவைச் சேர்ந்த முகமது தகுருஃபானும் அவருடைய சகோதரர்களும் களுஓஃபும்மி என்ற தோணியில் இரவில் ஒரு தீவில் இறங்கித் தாக்குவார்கள், விடியுமுன் பாயேற்றி வேறெங்கோ மறைந்துவிடுவார்கள். எட்டு ஆண்டுகள் இப்படியே போனது. துரத்தி வந்தவர்களிடம் பீரங்கி இருந்தது. இருட்டில் கால்வாய்க்குள் நுழையும் வித்தை இல்லை. பகல் பன்னிரண்டு மணிக்கே பயந்து பயந்து செலுத்த வேண்டிய பாறைகளுக்கிடையே இரவில் பாய் விரித்து ஓட எத்தனை தலைமுறை அறிவு வேண்டும்! இன்றைய சஃபாரித் தண்டல்கள் நவீனக் கருவிகளை வைத்துக்கொண்டும் பெரும்பாலும் இருட்டுமுன் நங்கூரம் போட்டுவிடுகிறார்கள்.

அந்தத் தோணி எப்படிப்பட்டது? ரா அடோலில் உள்ள அலிஃபுஷி தீவின் தச்சர்கள் இதில் பேர்போனவர்கள். வரைபடம் கிடையாது. மூத்த தச்சரின் கண்ணே அளவுகோல். முதலில் அடிமரமான ஏரா. அதன்மேல் பக்கப் பலகைகளை ஒவ்வொன்றாக ஏற்றி உடலை உருவாக்கிவிட்டு, பிறகுதான் உள்ளே விலா மரங்களைப் பொருத்துவார்கள். பெரிய மரம் வளராத தீவுகளில் பலகையும் தென்னையில்தான். ஒரு தென்னையிலிருந்து நீளமான நேர்ப்பலகை கிடைப்பதில்லை. துண்டு துண்டாகத்தான் இணைக்க வேண்டும். பழைய காலத்தில் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்தார்கள். பிறகு மரமுளை, அதன்பின் செப்பாணி. இடுக்குகளில் தென்னை நாரைத் திணித்து அடைப்பார்கள். முகப்பு மட்டும் பிறைபோல வளைந்து உயர்ந்து நிற்கும். மரம் உப்பில் உளுத்துப் போகாமலிருக்க மேலே பூசியது எதை? புள்ளிச் சுறா என்ற திமிங்கலச் சுறாவின் ஈரல் எண்ணெயை. எந்த மீனை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று இன்று உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் பறந்து வருகிறார்களோ, அதன் எண்ணெயில் ஊறித்தான் அந்தக் காலத் தோணிகள் மிதந்தன.

மீன்பிடித் தோணியின் அடிப்பகுதியில் துளைகள் இருக்கும். அதன் வழியாகக் கடல் நீர் உள்ளே வந்து போகும்; விடியற்காலையில் பாறையோரம் வலைவீசிப் பிடித்த சிறு இரைமீன்கள் அதில் உயிரோடு கிடக்கும். சூரைக் கூட்டத்தைக் கண்டதும் இரையை அள்ளி வீசி, பின்பக்கத்து அகன்ற மேடையில் வரிசையாக நின்று தூண்டிலால் ஒவ்வொன்றாகச் சுண்டி எடுப்பார்கள். வலை போட்டு வாரும் வழக்கம் சூரை மீன்பிடியில் இல்லை. இரைமீன் எங்கே கிடைக்கும் என்று தெரிய வேண்டுமானால் ஒவ்வொரு பாறையையும் தெரிந்திருக்க வேண்டும். மீனவர்கள் தெரிந்து வைத்திருந்தார்கள். மேற்பரப்புக்கு வராமல் நீருக்குள்ளேயே நின்றுவிடும் பாறைக் குன்றுக்கு அவர்கள் பெயர் 'திலா', காயலுக்குள் மேற்பரப்பை நெருங்கி நிற்கும் சிறு பாறை 'கிரி', கால்வாய் 'கண்டு'. இன்றைய முக்குளிப்பு வரைபடங்களில் எல்லாம் அந்தப் பெயர்களே இருக்கின்றன.

வெளியாள் இந்த அறிவை முறையாகத் தாளில் இறக்கியது 1834-க்கும் 1836-க்கும் இடையில். பம்பாயிலிருந்து வந்த இந்தியக் கடற்படையின் ராபர்ட் மோர்ஸ்பி அடோல் அடோலாக ஆழம் பார்த்து வரைபடம் தயாரித்தார். அவருடைய ஆட்களைக் காய்ச்சல் வாட்டி எடுத்தது. அந்த வரைபடங்களின் துல்லியம் வியப்பூட்டுவது. ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னும் கப்பல்கள் அவற்றை நம்பி ஓடின. மாலத்தீவுக்கே வராத சார்லஸ் டார்வின், அமிழும் எரிமலையைச் சுற்றிப் பவளம் வளர்ந்தே அடோல் உண்டாகிறது என்ற தன் கொள்கையை 1842-ல் நூலாக்கியபோது மோர்ஸ்பியின் அளவைகளைத் துணைக்கு வைத்துக்கொண்டார்.

ஆனால் மோர்ஸ்பி பார்த்தது ஈயக் குண்டு கட்டிய கயிற்றின் நுனியால். நீருக்குள் தலையை விட்டுப் பார்ப்பதற்கு வேறு சில பொருள்கள் வர வேண்டியிருந்தது. காலில் மாட்டும் ரப்பர்த் துடுப்புக்கு லூயி த கொர்லியூ என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி 1933-ல் காப்புரிமை பெற்றார். கண், மூக்கு இரண்டையும் மூடும் ஒற்றைக் கண்ணாடியும், வாயில் கவ்வும் வளைந்த குழாயும் அதே பத்தாண்டில் மத்தியதரைக் கடலோரத்தில் பரவின. 1943-ல் கூஸ்தோ, கான்யான் என்ற இருவர் சேர்ந்து செய்த, முதுகில் மாட்டும் காற்றுக் கலம் முக்குளிப்பை மாற்றியது. ஆயினும் நீந்தத் தெரிந்த எவரையும் ஐந்து நிமிடத்தில் பாறையின் மேல் மிதக்கவைப்பது அந்த எளிய கண்ணாடியும் குழாயுமே. பயிற்சிச் சான்றிதழ் வேண்டாம். எட்டு வயதுக் குழந்தையும் எழுபது வயதுப் பாட்டியும் ஒரே தோணியிலிருந்து ஒரே பாறையைப் பார்க்கலாம். கூட்டுப் பயணம் என்ற தொழில் சாத்தியமானது அதனால்தான்.

மாலத்தீவில் அந்தக் கண்ணாடியின் வழியாகப் பார்த்ததை உலகுக்குச் சொன்னவர்களில் முக்கியமானவர் ஆஸ்திரியாவின் ஹான்ஸ் ஹாஸ். மூன்று பாய்மரம் கொண்ட சரீஃபா என்ற தன் கப்பலில், மனைவி லோட்டேயும் அறிவியலாளர்களும் உடன்வர, 1957-58-ல் மாலத்தீவையும் நிக்கோபாரையும் சுற்றினார். பாய்க்கப்பலில் கூட்டாகப் போய், தீவு தீவாக நின்று, நீரில் இறங்கிப் பார்ப்பது என்ற வடிவம் அங்கே முழுதாக வந்துவிட்டது. குழுவில் இருந்த ஐரெனியஸ் ஐபல்-ஐபெஸ்ஃபெல்ட் பெரிய மீன்களின் வாய்க்குள் புகுந்து ஒட்டுண்ணிகளைத் தின்னும் துப்புரவு மீன்களை மணிக்கணக்கில் கவனித்துக் குறிப்பெடுத்தார். ஹாஸின் படங்களும் நூல்களும் ஐரோப்பிய வீடுகளுக்குள் போய்ச் சேர்ந்தன. 1970-களில் விமானமேறி வந்த ஜெர்மானியர்களில் எத்தனையோ பேர் அவற்றைப் பார்த்து வளர்ந்தவர்கள்.

1972 அக்டோபர் 3 அன்று விஹமானாஃபுஷி என்ற தென்னந்தோப்புத் தீவில் குரும்பா விடுதி திறந்தது. 30 அறைகள், பவளக்கல் சுவர், தென்னோலைக் கூரை. இறங்குதுறைகூட இல்லை, தோணியிலிருந்து குதித்து இடுப்பளவு நீரில் நடந்துதான் கரையேற வேண்டும். அந்த ஆண்டு வந்தவர்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர். 1974-ல் பாரத ஸ்டேட் வங்கி மாலேயில் கிளை திறந்த பிறகே பணம் மாற்ற ஓர் இடம் கிடைத்தது.

அதே 1974-ல் இன்னொன்றும் நடந்தது. மீன்பிடித் தோணிகளில் டீசல் எஞ்சின் ஏறத் தொடங்கியது. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பாய் ஏறத்தாழ மறைந்தே போனது. காற்றுக்காகக் காத்துக் கிடந்த காலம் முடிந்ததில் மீனவர்களுக்கு வருத்தமில்லை; காற்று நின்றுபோய் நடுக்கடலில் தவித்தவர்களுக்குத்தான் எஞ்சினின் அருமை தெரியும். எஞ்சின் வந்ததும் தோணியின் எல்லை விரிந்தது. விமான நிலையத் தீவான ஹுல்ஹுலேயிலிருந்து சில மணி நேரத்தில் எட்டக்கூடிய தீவுகளிலேயே அதுவரை விடுதிகள் இருந்தன. தோணியின் வேகம் மணிக்கு ஏழெட்டுக் கடல் மைல். சில மணி நேரத்துக்கு மேல் பயணியால் வெயிலில் உட்கார முடியாது. ஒரே நாளில் போய்த் திரும்ப முடியாத அரி அடோல் போன்ற இடங்களைப் பார்க்க ஒரே வழி, தோணியிலேயே தூங்குவது. சஃபாரி பிறந்தது அந்தத் தேவையில்.

ஆரம்ப காலத்துச் சஃபாரித் தோணியில் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுப்பார்கள். அல்லது ஆளில்லாத தீவின் மணலில் படுக்கை. குளிக்கக் கடல், கடைசியில் உப்புப் போக ஒரு வாளி நல்ல தண்ணீர். சாயங்காலம் பணியாளர்கள் தூண்டில் போட்டால் இரவுச் சாப்பாடு. தண்டல் மட்டும் முகப்பருகே நின்று நீரின் நிறத்தைப் படித்துக்கொண்டே இருப்பார். கருநீலம் என்றால் ஆழம், போகலாம். வெளிர்ப்பச்சை என்றால் மணல் தரை, நங்கூரம் போடலாம். பழுப்பு என்றால் பாறை மேலே வந்துவிட்டது, ஒதுங்கு. சூரியன் தலைக்கு மேலோ முதுகுக்குப் பின்னாலோ இருந்தால்தான் இந்த நிறங்கள் பிரிந்து தெரியும். எதிரே சூரியன் சாய்ந்துவிட்டால் கடல் முழுவதும் வெள்ளித் தகடாகிவிடும். அதனால்தான் பிற்பகலிலேயே பயணத்தை முடித்துவிடுவார்கள். எங்கே இறங்கினால் நீரோட்டம் பாறையோரமாக ஆளைத் தள்ளிக்கொண்டு போய்த் தோணி காத்திருக்கும் இடத்தில் சேர்க்கும் என்பதும் அவருக்குத் தெரியும். விருந்தாளி கையைக் காலை அசைக்காமல் மிதந்தால் போதும். அந்தச் சுகத்துக்குப் பின்னால் இருப்பது தண்டலின் கணக்கு.

இவ்வளவையும் சாத்தியமாக்கிய மக்களுக்கும் விருந்தாளிகளுக்கும் நடுவே அரசு ஒரு கோடு கிழித்தது. ஒரு தீவுக்கு ஒரு விடுதி, அதுவும் மக்கள் வாழாத தீவில் மட்டும். ஊர்த் தீவுகளில் வெளிநாட்டவர் தங்குவது 1980-களின் நடுவில் தடை செய்யப்பட்டது. மதுவும் கடற்கரை உடையும் ஊருக்குள் வரவேண்டாம் என்பது காரணம். 1153 முதல் இஸ்லாமிய நாடாக இருக்கும் இடத்தில் அந்தக் கவலை புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் அதன் விலையைக் கொடுத்தவர்கள் தீவு மக்கள். கண்ணெதிரே விடுதியின் விளக்குகள் எரிய, அந்தப் பணம் ஊருக்குள் வரவில்லை. மகன்கள் மாதக்கணக்கில் விடுதித் தீவில் வேலை செய்துவிட்டு விடுமுறைக்கு மட்டும் வீடு திரும்பினார்கள். நாட்டின் கடல் எல்லோருக்கும் பொதுவாக இருக்க, அதைக் காட்டிச் சம்பாதிக்கும் உரிமை சிலருக்கே இருந்தது. இந்தக் கொள்கையை மெச்சுகிறவர்கள் இன்றும் உண்டு. தீவு மக்களின் பக்கமிருந்து பார்த்தால் மெச்சுவது கடினம்.

மீனவருக்கும் முக்குளிப்பவருக்கும் நேரடி மோதல் வந்தது சுறாவில். துடுப்புக்காக வெளிநாட்டு வணிகர்கள் நல்ல விலை கொடுக்க, தோணிகள் சுறா பிடித்தன. அதே சுறாவைப் பார்க்கச் சுற்றுலாத் தோணிகள் வந்தன. 1993-ல் சார்லஸ் ஆண்டர்சன், ஹுதா அகமது இருவரும் ஓர் ஆய்வில் இந்தக் கணக்கை நேராகப் போட்டுக் காட்டினார்கள். அரி அடோலில் ஃபிஷ் ஹெட் என்று வெளிநாட்டவர் அழைக்கும் முஷிமஸ்மிங்கிலி திலாவில் வாழும் ஒரு சாம்பல் பாறைச் சுறா, முக்குளிப்பவர்களை ஈர்ப்பதன் மூலம் ஆண்டுக்கு 33,500 டாலர் ஈட்டித் தருகிறது. பிடித்து விற்றால் மீனவருக்கு ஒரே ஒருமுறை கிடைப்பது 32 டாலர். பாதுகாப்பு என்ற சொல்லுக்கு மசியாத அதிகாரிகளையும் இந்த இரண்டு எண்கள் யோசிக்க வைத்தன. 1995-ல் அந்தத் திலா உட்பட 15 இடங்கள் பாதுகாக்கப்பட்டன. அதே ஆண்டு திமிங்கலச் சுறா பிடிப்பதும் தடையானது. 2010-ல் நாடு முழுவதும் சுறா மீன்பிடியே நிறுத்தப்பட்டது. முப்பத்திரண்டு டாலரை இழந்தவரும் முப்பத்து மூன்றாயிரத்தைப் பெற்றவரும் ஒரே ஆள் அல்ல என்பதை அந்த ஆய்வு மறைக்கவில்லை, சட்டம்தான் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

பா அடோலில் ஹனிஃபாரு என்ற சிறு வளைகுடா இருக்கிறது. தென்மேற்குப் பருவத்தில், நீரோட்டமும் ஏற்றமும் சரியாகச் சேரும் நாள்களில், மிதவை உயிரிகள் புனல் போன்ற அந்த இடுக்கில் வந்து குவியும். அவற்றைத் தின்ன மாண்டா திருக்கைகள் நூற்றுக்கணக்கில் வரும். மூன்று மீட்டர் அகலச் சிறகை விரித்து, வாயைப் பிளந்துகொண்டு, ஒன்றன்பின் ஒன்றாக வட்டமடிக்கும். முன்பு மீனவர்கள் திமிங்கலச் சுறாவைத் தேடி அங்கேதான் போவார்கள். விஷயம் வெளியே பரவியதும் சஃபாரிப் படகுகள் மொய்த்தன. ஒரே நேரத்தில் அத்தனை பேர், அத்தனை காற்றுக் குமிழிகள். 2009-ல் அது பாதுகாக்கப்பட்ட பகுதியானது. 2011-ல் பா அடோல் முழுவதும் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமானது. அதையடுத்து ஹனிஃபாருவில் காற்றுக் கலத்தோடு இறங்குவதே தடை செய்யப்பட்டது. கண்ணாடியும் குழாயும் மட்டும். ஒரு குழுவுக்கு 45 நிமிடம். பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி கட்டாயம். விலை உயர்ந்த கருவியை வெளியே வைத்துவிட்டு எளிய குழாயை உள்ளே விட்ட இந்த முடிவு சரியானது. மாண்டாக்கள் மேற்பரப்புக்கு அருகிலேயே மேய்கின்றன, பார்க்க மிதந்தாலே போதும்.

பாறையின் கதை இவ்வளவு நன்றாகப் போகவில்லை. 1998-ல் எல் நினோ வெப்பத்தில் கடல் சூடேறி, ஆழம் குறைந்த பகுதிகளின் பவளத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு வெளுத்துச் செத்தது. குழாயோடு மிதப்பவர் பார்ப்பது அந்த மேல் சில மீட்டர்களைத்தான். அடி முதலில் அங்கேதான் விழுந்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். சில தீவுகளை மக்கள் மொத்தமாகக் கைவிட்டார்கள். மெல்லத் துளிர்த்து வந்த பவளத்தை 2016-ல் மறுபடி வெப்பம் தாக்கியது, 2024-ல் இன்னொரு முறை. 2009 அக்டோபரில் அதிபர் முகமது நஷீத் அமைச்சரவையைக் கூட்டிக்கொண்டு நீருக்கடியில் மேசை போட்டுக் கூட்டம் நடத்திய படம் உலகம் முழுவதும் போய்ச் சேர்ந்தது. கடலின் வெப்பத்தை அது குறைக்கவில்லை. பவளம் இல்லையேல் அலையைத் தடுக்கும் சுவர் இல்லை, தீவுக்கு மணல் இல்லை, இரைமீன் இல்லை, சூரை இல்லை. சுற்றுலாவுக்கு வெகு முன்பிருந்தே அந்த நாடு நின்றது இதன் மேல்தான்.

அதே நஷீத்தின் காலத்தில் ஊர்த் தீவுகளில் விருந்தினர் இல்லங்கள் நடத்த அனுமதி கிடைத்தது. மாஃபுஷி போன்ற தீவுகளில் வீடுகள் மாடி ஏறின. நீச்சல் உடைக்கென்று கடற்கரையில் ஒரு பகுதியை மட்டும் தட்டி வைத்து மறைத்து ஒதுக்கினார்கள். 1972-ல் வீட்டை ஒழித்துக் கொடுத்து விருந்தாளியைத் தோணியில் ஏற்றிய முறை, கால் நூற்றாண்டுத் தடைக்குப் பின் ஊருக்குள் திரும்பியது. குறைந்த கட்டணத்தில் அரை நாள் பயணம்: இரண்டு பாறை, ஒரு மணல்திட்டு, மதியச் சாப்பாடு. நடத்துபவர் பெரும்பாலும் மீன்பிடியை விட்டவரோ அவர் மகனோ. இன்னொரு பக்கம் சஃபாரிப் படகுகள் முப்பது நாற்பது மீட்டர் நீளத்துக்கு வளர்ந்து குளிரூட்டிய அறைகளோடு ஓடுகின்றன. அவை நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. அவற்றின் பின்னால் எப்போதும் ஒரு சிறிய தோணி தொடர்ந்து வரும். காற்றுக் கலங்களும் அமுக்க எந்திரமும் அதில் இருக்கும். கடலில் இறங்க வேண்டியவர்கள் பெரிய படகிலிருந்து அதற்கு மாறித்தான் பாறைக்குப் போவார்கள். இப்போது அது கண்ணாடியிழையில் செய்தது, மரவேலை தெரிந்த தச்சர்கள் அருகி வருகிறார்கள்.

தூத்துக்குடியிலிருந்து காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிக்கொண்டு மாலே போகும் பெரிய மரத் தோணிகளுக்கும் இந்தச் சுற்றுலாவில் பங்கு உண்டு. மண்ணும் கல்லும் அரிதான நாட்டில் விடுதி எழும்ப, தின்னத் தக்காளி கிடைக்க, யாராவது கடல் கடந்து சுமக்க வேண்டும். எஞ்சின் வந்த பின்னும் பாயைக் கைவிடாமல் ஓடிய சரக்குக் கலங்கள் அவை.

தெற்கு அரி அடோலில் ஆண்டு முழுவதும் திமிங்கலச் சுறாக்கள் தென்படும் கடற்பகுதி 2009-ல் பாதுகாப்புக்குள் வந்தது. அங்கே போகும் பயணிகளிடம் வழிகாட்டிகள் ஒரு வேலை கொடுக்கிறார்கள்: செவுளுக்குப் பின்னால் இருக்கும் புள்ளிகள் தெரியும்படி பக்கவாட்டில் படமெடுங்கள். ஒவ்வொரு சுறாவுக்கும் அந்தப் புள்ளி அமைப்பு வேறு. மாண்டாவுக்கு வயிற்றுப் புள்ளிகள். பயணிகளும் தோணிக்காரர்களும் கொடுக்கும் படங்களை வைத்து ஆய்வாளர்கள் ஆயிரக்கணக்கான மாண்டாக்களைத் தனித்தனியாக அடையாளம் கண்டு பெயரிட்டிருக்கிறார்கள். எது எந்தப் பருவத்தில் எந்த அடோலுக்குப் போகிறது, எது குட்டி போட்டது, எது படகின் விசிறியில் அடிபட்டது என்று பதிவு வைக்கிறார்கள். படகு மோதிக் காயப்பட்ட தழும்புகள் அந்தப் பதிவுகளில் கூடிக்கொண்டே வருவதால், சுறாக்கள் உலவும் பாறையோரத்தில் வேகத்தைக் குறைத்து ஓட்டும்படி தண்டல்களிடம் வலியுறுத்தி வருகிறார்கள்.